சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சீனப் பள்ளிகளில் வேலைக்குச் சேர்வது, சேர்ந்தபின் அங்கே காலூன்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. நடைமுறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மாறும் இடங்களைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து ஐந்து வருடமாக ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பாடம் எடுக்கிறேன். "மாதம் 15,000 யுவான். முதலில் பிசினஸ் விசாவில் வாருங்கள், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். பணமும் கொடுக்காதீர்கள். ஒழுங்கான ஏஜென்ட்டுக்குக் கமிஷன் பள்ளியிடமிருந்து வரும். ஆசிரியரிடம் கேட்கிறார் என்றாலே விஷயம் சரியில்லை.

வேலை செய்ய உரிமை தருவது இசட் (Z) எனும் வேலை விசா மட்டும். அதைச் சீனாவுக்கு வெளியே இருக்கும்போதே வாங்க வேண்டும். பிசினஸ் விசாவிலோ டூரிஸ்ட் விசாவிலோ வகுப்பு எடுத்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை மோசமென்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு, நாட்டை விட்டும் அனுப்புவார்கள். சோதனை வரும் நாளில் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், பட்டமும் இரண்டு வருட மொழி கற்பித்தல் அனுபவமும் வேண்டும் என்பது விதி. கல்வியியல் பட்டமோ, சொந்த நாட்டு ஆசிரியர் தகுதியோ, டெஃபல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் பயிற்சி) போன்ற சான்றிதழோ இருந்தால் அனுபவத்தை விட்டுக்கொடுப்பார்கள். தாய்மொழி விஷயத்தில் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. நடைமுறையில் அதிகாரிகள் அதைப் பாஸ்போர்ட்டை வைத்து முடிவு செய்கிறார்கள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஆங்கில ஆசிரியர் அனுமதி கிடைப்பது கஷ்டம். அந்த நாடுகளில் பட்டம் வாங்கியவர்களைச் சில ஊர்களில் ஏற்கிறார்கள். அது உறுதியான வழியில்லை.

இந்தியர்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு பாட ஆசிரியர் வேலை. கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் சர்வதேசப் பள்ளிகளும் இருமொழிப் பள்ளிகளும் பெரிய நகரங்களில் ஏராளம். இங்கே தாய்மொழிக் கேள்வி எழாது; பாடத்தில் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் பார்ப்பார்கள். உங்களுடையது ஆங்கில இலக்கியம் என்பதால் இந்தக் கதவும் உங்களுக்குக் குறுகலானதுதான். அதை மறைத்துப் பேசுகிற ஏஜென்ட்டைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

கனடா குடியுரிமை, ஆனால் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வாங்கியது. சீனா அப்போஸ்டில் முத்திரையை ஏற்றுக்கொள்கிறது என்கிறார்களே, அது போதுமா?
– வாசகர், டொராண்டோ

பாதி சரி. அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு தூதரகச் சான்று கேட்காமல் ஏற்க வைக்கும் முத்திரை. அந்த உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பர் 7 அன்றும், கனடாவில் 2024 ஜனவரி 11 அன்றும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கனடா போலீஸ் நற்சான்றிதழுக்கு அங்கேயே அப்போஸ்டில் வாங்கினால் வேலை முடிந்தது.

பட்டச் சான்றிதழ் கதை வேறு. முத்திரை வைக்க வேண்டியது ஆவணத்தைக் கொடுத்த நாடு. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இதில் பொருட்டில்லை. இந்தியாவும் சீனாவும் உடன்படிக்கையில் தனித்தனியாக இருந்தாலும், இவ்விரு நாடுகளுக்கிடையே அது செல்லாது. அதனால் இந்தியப் பட்டத்துக்குப் பழைய நெடுவழிதான்: முதலில் தமிழ்நாடு அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன், கடைசியில் இந்தியாவிலுள்ள சீனத் தூதரகத்தின் சான்று. அமைச்சகத்தில் "அப்போஸ்டில் ஸ்டிக்கர் போடவா" என்று கேட்பார்கள். சீனாவுக்கு என்று தெளிவாகச் சொல்லி, சாதாரண அட்டெஸ்டேஷன் கேளுங்கள். அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

வரிசையும் முக்கியம். பட்டச் சான்றை முதலில் தொடங்குங்கள், அதுதான் அதிக நாள் எடுக்கும். போலீஸ் சான்றைக் கடைசியில் எடுங்கள், ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பார்கள். இவையெல்லாம் கைக்கு வந்தபின் பள்ளி உங்களுக்காக விண்ணப்பித்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்பும். அந்தக் கடிதத்தோடுதான் இசட் விசாவுக்குப் போக முடியும். செப்டம்பர் 1 அன்று வகுப்பில் நிற்க வேண்டுமானால் ஏப்ரலிலேயே பட்டச் சான்று நகரத் தொடங்கியிருக்க வேண்டும்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பெயர், அப்பா பெயர் இரண்டும் கிவன் நேமில் சேர்ந்தே இருக்கின்றன. சூஜோ நகரில் கணக்கு ஆசிரியராகச் சேரப்போகிறேன். பிரச்சினை வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வரும். தமிழர்களுக்கு அங்கே வரும் தலைவலிகளில் முதலிடம் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சீனாவில் சிம், வங்கிக் கணக்கு, வீசாட் (அரட்டைக்கும் பணம் கட்டவும் உள்ள ஆப்), அலிபே (பணம் கட்டும் ஆப்) நான்கும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்பவை. பெயர், பாஸ்போர்ட் எண், போன் எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கணக்கை இணைக்க முடியும். இப்போது நடப்பதைப் பாருங்கள். சிம் கடைக்காரர் 'அருண்குமார்செல்வராஜ்' என்று இடைவெளி இல்லாமல் ஒரே சரமாக அடிக்கிறார். வங்கி ஊழியர் சர்நேம் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்பதால் 'செல்வராஜ் அருண்குமார்' என்று திருப்பிப் போடுகிறார். வீசாட்டில் நீங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி 'அருண்குமார் செல்வராஜ்' என்று போடுகிறீர்கள். மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள். திரையில் 'தகவல் பொருந்தவில்லை' என்று மட்டும் வரும், எது பொருந்தவில்லை என்று வராது.

புறப்பட இன்னும் அவகாசம் இருந்தால் சர்நேமும் கிவன் நேமும் பிரித்த புதிய பாஸ்போர்ட் வாங்கிக்கொள்வதே நல்லது. அதைப் பட்டச் சான்று வேலை தொடங்கும் முன்பே செய்யுங்கள். வேலை அனுமதிக் கடிதம் வந்தபிறகு பாஸ்போர்ட் எண்ணை மாற்றினால் பள்ளி எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். பட்டத்தில் 'எஸ். அருண்குமார்' என்று இனிஷியலோடு இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டை மாற்ற நேரமில்லையா? சிம் வாங்கும்போது கடைக்காரர் அடித்த பெயரைத் திரையில் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். வங்கியில் கணக்குத் திறந்ததும் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று அச்சிட்டு வாங்குங்கள்: எது முன்னால், எது பின்னால், எங்கே இடைவெளி, எல்லாம் பெரிய எழுத்தா. வீசாட்டிலும் அலிபேயிலும் அதை அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருந்தாலும் இந்த இடத்தில் வங்கிப் பதிவுதான் வேதம். வங்கிக்குப் போகும்போது பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி, வேலை ஒப்பந்தம், உள்ளூர் போன் எண்ணோடு பான் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். சொந்த நாட்டு வரி எண் கேட்பார்கள்.

இன்னொன்று. பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண் மாறும். வசிப்பு அனுமதி, வேலை அனுமதி, வங்கி, சிம், வீசாட் என்று எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். ஒரு வருடத்துக்குள் காலாவதி ஆகும் பாஸ்போர்ட்டோடு போகாதீர்கள்.

விமானம் இறங்கியபின் முதல் மாதம் என்னென்ன செய்ய வேண்டும்? கையில் எவ்வளவு பணம் வேண்டும்?
– வாசகி, டர்பன்

இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வீட்டிலோ நண்பர் அறையிலோ தங்கினால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு நீங்களே போக வேண்டும்: பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல். சில நகரங்களில் போனிலேயே முடிக்கலாம். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் போட முடியும். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் இது திரும்ப வரும். அந்தப் பதிவுத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த எல்லா விண்ணப்பத்துக்கும் அது வேண்டும்.

பிறகு குறிப்பிட்ட அரசு மையத்தில் மருத்துவப் பரிசோதனை. ரத்தம், மார்பு எக்ஸ்ரே, இசிஜி, கண் எல்லாம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் காலையிலேயே போங்கள். அடுத்து பள்ளி வேலை அனுமதியை முடித்துத் தரும். 2024 டிசம்பரிலிருந்து வேலை அனுமதிக்கான தனி அட்டை நின்று, சமூகக் காப்பீட்டு அட்டையோடு இணைந்துவிட்டது. கடைசியில் வசிப்பு அனுமதி. இசட் விசாவில் நுழைந்த 30 நாளுக்குள் இதற்கு விண்ணப்பித்தாக வேண்டும். 30 நாள் என்றால் தாராளம் போலத் தெரியும். அக்டோபர் தொடக்கத் தேசிய விடுமுறை நடுவில் விழுந்தால் ஒரு வாரம் போய்விடும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பி வர 15 நாள் வரை ஆகலாம். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணம் கிடையாது.

பணம்: வாடகை பெரும்பாலும் 'ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை' என்ற கணக்கு. 3,500 யுவான் வீட்டுக்கு முதல் நாளிலேயே 14,000 கொடுக்க வேண்டும். தரகர் கூலி அரை மாதமோ ஒரு மாதமோ தனி. சம்பளம் மாதம் முடிந்துதான் வரும். ஆக 20,000 யுவானுக்குக் குறையாமல் எடுக்கத்தக்க நிலையில் இருக்கட்டும். பள்ளி விடுதி கொடுத்தால் இதில் பாதி போதும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளின் 'விசா', 'மாஸ்டர்கார்டு' அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் இணைக்கலாம். கடையில் 200 யுவான் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் 3 சதவீதம். ஆனால் அந்த அட்டையை வைத்துத் தனி ஆளுக்குப் பணம் அனுப்ப பொதுவாக முடியாது. வீட்டுக்காரர் தனி ஆள்! அவருக்கு ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம்தான். ஏடிஎம்மில் தினசரி வரம்பு உண்டு என்பதால் வீடு பார்க்கத் தொடங்கும் நாளிலிருந்தே எடுக்க ஆரம்பியுங்கள். சில பள்ளிகள் முன்பணத்தைத் தாங்களே கட்டிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

மாதம் 20,000 யுவான் சம்பளம். ஜனவரியில் 19,550 வந்தது, அக்டோபரில் 17,900, நவம்பரில் 17,000. பள்ளி ஏமாற்றுகிறதா?
– வாசகர், குவாங்ஜோ

இல்லை. கணக்கு சரியாகவே இருக்கிறது. சீனாவில் வரியை மாத மாதம் தனியாகப் போடாமல், ஜனவரியிலிருந்து வந்த மொத்த வருமானத்தின் மேல் போடுவார்கள். மாதம் 5,000 கழிவு போக உங்களுக்கு 15,000. மொத்தம் 36,000 வரை 3 சதவீதம், அதற்கு மேல் 1,44,000 வரை 10, அதற்கு மேல் 3,00,000 வரை 20. முதல் இரண்டு மாதம் 450 வரி, மார்ச்சில் 1,080, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 1,500. அக்டோபரில் மொத்தம் 1,50,000 ஆகிறது, 20 சதவீதப் படியைத் தொடுகிறீர்கள், வரி 2,100. நவம்பர், டிசம்பரில் 3,000. ஜனவரியில் மறுபடி 450. ஊருக்குப் பணம் அனுப்புவதை முதல் அரையாண்டுச் சம்பளத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

உங்கள் கணக்கில் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் தெரியவில்லையே என்பதுதான் நாங்கள் கவனித்தது. ஓய்வூதியம் 8, மருத்துவம் 2, வேலையின்மை அதிகபட்சம் அரை சதவீதம் என்று ஊழியர் பங்கு இருக்கும். பள்ளி கட்டுகிறதா என்று கேளுங்கள். நாட்டை விட்டு நிரந்தரமாகப் புறப்படும்போது ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பங்கைத் திரும்ப வாங்கலாம். வாடகைக்கு வீட்டுக்காரரிடம் ஃபாபியாவ் எனும் வரி ரசீது வாங்கினால் வெளிநாட்டினருக்கான வரிவிலக்குச் சலுகையும் உண்டு, அது 2027 முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஃபாபியாவ் தருவதானால் வாடகையை ஏற்றுவேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். பேரம் அங்கேதான் தொடங்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். ஒரு வகுப்பில் 48 பிள்ளைகள், வாரத்துக்கு ஒரே ஒரு 40 நிமிட வகுப்பு. யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள்.
– வாசகி, சாங்ஷா (பிரிட்டன் பாஸ்போர்ட்)

இலக்கணமும் எழுத்துத் தேர்வும் சீன ஆங்கில ஆசிரியரின் பொறுப்பு. உங்களை வைத்திருப்பது பேச வைக்க. அதனால் பாடப்புத்தகத்தை நீங்களும் முதல் பக்கத்திலிருந்து நடத்தாதீர்கள். அவர் இந்த வாரம் எந்தப் பாடத்தில் இருக்கிறார் என்று கேட்டு, அதே சொற்களைப் பேச்சுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளுக்குச் சொல் தெரிந்திருக்கும், பயம் மட்டும்தான் மிச்சம்.

முதல் வகுப்புக்கு முன் வகுப்பாசிரியரிடம் இருக்கை வரைபடம் வாங்குங்கள். 48 பேரும் வரிசையாக உட்காரும் வகுப்பில் குழு அமைக்கிறேன் என்று மேசையை நகர்த்தினால் பத்து நிமிடம் போய்விடும். நெடுவரிசை ஒவ்வொன்றையும் ஓர் அணியாக வையுங்கள். மூன்று நிமிடம் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும், பிறகு ஒரு வரிசை மட்டும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு ஜோடியாக, கடைசியில் இரண்டு ஜோடி எழுந்து நின்று. நேராகத் தனி ஆளைக் கேட்டால் மௌனம்தான் கிடைக்கும். தப்பாகச் சொல்லி முகம் சிவப்பதைவிடச் சும்மா நிற்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. பாதி சொன்னாலும் அணிக்குப் புள்ளி உண்டு என்று வையுங்கள்.

தொண்டையைக் காப்பாற்றுங்கள். சீன ஆசிரியர்கள் இடுப்பில் கட்டும் குட்டி ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் நூறு யுவானுக்குள் கிடைக்கும். முதல் வாரமே வாங்குங்கள். ஒரே பாடத்தைப் பன்னிரண்டு வகுப்பில் சொல்லும் வேலைக்கு அது ஆடம்பரமில்லை.

உச்சரிப்பில் எங்கே தட்டும் என்பது ஊரைப் பொறுத்தது. ஹூனானில் பலருக்கு 'ல'வும் 'ந'வும் குழம்பும், 'லைட்' 'நைட்' ஆகும். பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதால் 'ஹி', 'ஷி' எங்கேயும் மாறும். கீழுதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'வ'வும் உதடு குவித்துச் சொல்லும் 'வ'வும் அவர்களுக்குச் சிரமம். தமிழ் வீட்டில் வளர்ந்த ஆசிரியருக்கும் இது வழுக்கும் இடம்தான், கண்ணாடி முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

தேர்வு வாரத்தில் உங்கள் வகுப்பை முன்னறிவிப்பில்லாமல் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். நீண்ட விடுமுறைக்கு ஈடாகச் சனி அல்லது ஞாயிறு வேலை நாளாகும். இரண்டுக்கும் கோபப்படுவதில் பயனில்லை, நாட்காட்டியைப் பள்ளி அலுவலக வீசாட் குழுவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவிலிருந்து திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேச எது வேலை செய்யும்?
– வாசகர், ஷென்ஜென்

வாட்ஸ்அப் அங்கே முடக்கம். வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இரண்டு பக்கமும் ஐபோன் என்றால் ஃபேஸ்டைம் போதும். இல்லையென்றால் வெளிநாட்டு ரோமிங் சிம் அல்லது இசிம். அதன் டேட்டா சொந்த நாட்டு நெட்வொர்க் வழியாகப் போவதால் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் திறக்கும். இந்திய சிம்மை எப்படியும் உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். அனுமதியில்லாத விபிஎன் அந்நாட்டு விதிப்படி குற்றம். பலர் வைத்திருக்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? என்ன எடுத்துப் போகலாம்?
– வாசகி, கும்பகோணம்

முடியும், நீங்களே சமைத்தால். வெளியே 'வோ ச்சீ சூ' (நான் சைவம்) என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள். எலும்புச் சாறும் பன்றிக்கொழுப்பும் சிப்பி சாஸும் கண்ணில் படாமல் உள்ளே இருக்கும். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் இந்தப் பயம் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இருக்காது.

மின்சாரம் 220 வோல்ட், நம் ஊர் போலவே. மிக்ஸி ஓடும், பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். வடகிழக்கு அரிசி ஒட்டும். தாய்லாந்து மல்லிகை அரிசி கேட்டு வாங்குங்கள், சாம்பாருக்கு அதுதான் கிட்டே வரும். பாசிப்பருப்பு எந்தச் சந்தையிலும் உண்டு, துவரம்பருப்பு தாவ்பாவ் எனும் ஆன்லைன் கடை ஆப்பில் தேட வேண்டும். யூனான் மாகாணத்தில் புளி விளைகிறது, தேங்காய் ஹைனானிலிருந்து வரும். சாம்பார்ப் பொடி, பெருங்காயம் பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தயிர், வெண்ணெய் சுங்கத்தில் குப்பைக்குப் போகும்.

ஒப்பந்தம் பாதியில் இருக்கிறது, வேறு பள்ளி நல்ல சம்பளம் தருகிறது. எப்படி மாறுவது?
– வாசகர், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட், இப்போது செங்டு

நாளையே போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். உங்கள் அனுமதியில் எழுதியிருக்கும் நிறுவனத்தில் மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் புதுப் பள்ளியில் ஒரு 'டெமோ வகுப்பு' எடுத்தாலும் அது சட்டவிரோத வேலை.

30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். வீசாட்டில் மட்டும் சொன்னால் போதாது, கையெழுத்திட்ட தாளும் மின்னஞ்சலும் வேண்டும். பழைய பள்ளியிடம் வாங்க வேண்டியவை இரண்டு: பணி விடுவிப்புக் கடிதம், வேலை அனுமதியை ரத்து செய்த சான்று. இவை இல்லாமல் புதுப் பள்ளி விண்ணப்பிக்க முடியாது. பழைய பள்ளிகள் இழுத்தடிப்பதும் இந்த இடத்தில்தான், அதனால் கடைசிச் சம்பளமும் இந்த இரண்டு தாளும் எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் சீனப் பிரதிதான் செல்லும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆங்கிலப் பிரதியில் இல்லாத அபராதம் சீனப் பிரதியில் இருக்கிறதா என்று யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்க மறுத்தால் தொழிலாளர் துறையின் 12333 எண்ணில் பேசலாம், தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போக ஒரு வருடம் அவகாசம் உண்டு. விசா நாள் முடியப்போகிறது என்றால் குடிவரவுத் துறையின் 12367 எண், 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000.